பொட்டி தட்டுறவங்க கையில ஸ்டெதஸ்கோப் எதுக்கு?

போன வாரம் கேண்டீனில் ஒரு வாக்குவாதம். ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிற வேலை ஏன் இப்படி இழுத்துக்கொண்டே போகிறது என்று பேச்சு வந்தது. நம்ம வகுப்பு நண்பர் ஒருவர் ஒரே போடாகப் போட்டார்: "டாக்டருங்க மாற மாட்டாங்கப்பா. பேனாவை விட மனசு வராது. மொத்தத்தையும் நம்ம கையில கொடுத்துட்டு அவங்க ஊசி போடுற வேலையைப் பார்க்கட்டும்."

சுற்றி இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான் :-) அப்புறம் அறைக்கு வந்து இது சம்பந்தமாகக் கொஞ்சம் படித்தேன். நாம் தலையாட்டியது தப்பு. சாதாரணத் தப்பு இல்லை, ஆள் சாகிற அளவுக்குத் தப்பு.

2002 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில், டாக்டர்கள் மருந்து, பரிசோதனை எதுவானாலும் கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும் என்று கொண்டு வந்தார்கள். ஆறே நாளில் மொத்த ஆஸ்பத்திரியும் மாறியது. அடுத்து நடந்ததை அங்கே வேலை பார்த்த டாக்டர்களே 2005-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதினார்கள். மேல் சிகிச்சைக்காக வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து கொண்டு வரப்பட்ட குழந்தைகளில் இறப்பு விகிதம் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக ஏறியிருந்தது.

மென்பொருள்தான் கொன்றது என்று அந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் சொன்ன விவரங்களைப் பாருங்கள். முன்பெல்லாம் குழந்தை வழியில் வந்துகொண்டிருக்கும்போதே டாக்டர் மருந்தை எழுதிவிடுவார், நர்ஸ் தயாராக எடுத்து வைத்துவிடுவார். புது முறையில் குழந்தை வந்து சேர்ந்து, பதிவு முடிந்த பிறகுதான் எதையும் எழுத முடியும். பேனாவில் சில நொடியில் முடிந்த உத்தரவுக்கு சுமார் 10 க்ளிக், ஒன்றிரண்டு நிமிஷம். வார்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மருந்துகளும் மத்திய மருந்தகத்துக்குப் போய்விட்டன.

இப்போதுதான் விஷயமே. அதே கம்பெனியின் மென்பொருளை சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையும் போட்டது. அவர்களுடைய ஆய்வு 2006-ல் அதே இதழில் வந்தது. அங்கே இறப்பு கூடவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி தேவைப்படும் உத்தரவுகளை முன்கூட்டியே தொகுத்து உள்ளே போட்டு வைத்த பிறகுதான் ஆரம்பித்தார்கள். மென்பொருள் ஒன்றுதான், பலன் வேறு. அப்படியென்றால் பிரச்சினை 'கோட்'ல மட்டும் இல்லை என்றுதானே அர்த்தம்?

குழந்தை வருவதற்கு முன்னாலேயே மருந்து தயாராக இருக்க வேண்டும் என்பது எந்த ரெக்வயர்மென்ட் டாகுமென்டில் இருக்கும்? அது ராத்திரி ரெண்டு மணிக்கு வார்டில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். டாக்டர்களுக்கு மட்டுமில்லை, நர்ஸ்களுக்கும். சொல்லப்போனால் நர்ஸ்களுக்குத்தான் கூடுதலாகத் தெரியும்.

இன்னொரு கதை. அமெரிக்கப் படைவீரர் ஆஸ்பத்திரிகளின் 'விஸ்டா' மென்பொருள் 1970-களின் கடைசியில், தலைமையிடம் முறைத்துக்கொண்டிருக்கும்போதே, ஆஸ்பத்திரிக்குள் இருந்த டாக்டர்களும் புரோகிராமர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது. 1990-களின் தொடக்கத்தில் டொபேகா ஊர் நர்ஸ் ஒருவர் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஊழியர் கையிலிருந்த பார்கோடு கருவியைப் பார்த்தார். இதையே நோயாளி கையிலிருக்கும் பட்டையிலும் மருந்திலும் காட்டினால் ஆள் மாற்றி மருந்து கொடுக்கிற தப்பு நடக்காதே என்று யோசித்தார். பிற்பாடு அந்த ஆஸ்பத்திரிகள் முழுக்க அது பரவியது. எம்.பி.ஏ. கன்சல்டன்ட் யாரும் சொன்ன யோசனை இல்லை, ஒரு நர்ஸ் சொன்னது.

அதே துறை 2018-ல் விஸ்டாவுக்குப் பதிலாக வெளியிலிருந்து மென்பொருள் வாங்க 1000 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2020 அக்டோபரில் ஸ்போகேன் நகரில் முதல் ஆஸ்பத்திரி மாறியது. டாக்டர்கள் அனுப்பிய 11,000-க்கும் மேற்பட்ட உத்தரவுகள், போய்ச் சேரும் இடம் சரியாகப் பொருந்தவில்லை என்பதற்காக, யாரும் பார்க்காத ஒரு வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டன. அனுப்பியவருக்குத் தகவல்கூட வரவில்லை. இதனால் 149 பேருக்குப் பாதிப்பு ஏற்பட்டதாக அந்தத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022-ல் அறிக்கை கொடுத்தது. 2023 ஏப்ரலில் மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோவதை நிறுத்தி வைத்தார்கள்.

"அதுக்காக டாக்டர் வந்து ஜாவா எழுதணுமா?" என்று கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம், தெய்வமே! டாக்டர் தலைமை தாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. வார்டை விட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆன பெரிய டாக்டரைக் கூட்டி வந்து கமிட்டியில் பொம்மையாக உட்கார வைப்பதும் நடக்கிறது. அது அதைவிட மோசம்.

நான் கேட்பது மூன்றே விஷயம். வாரத்தில் பாதி நாளாவது நோயாளியைப் பார்க்கிற டாக்டரும் நர்ஸும் திட்டத்தின் தலைமையில் இருக்க வேண்டும். அந்த வேலைக்குத் தனியாக நேரமும் சம்பளமும் கொடுக்க வேண்டும், டியூட்டி முடிந்து ஓசியில் பார்க்கிற வேலையாக இருக்கக் கூடாது. முக்கியமாக, "இது இன்னும் தயாராகவில்லை, ஆரம்பிக்காதே" என்று சொல்லி நிறுத்துகிற அதிகாரம் அவர்களிடம் இருக்க வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் சும்மா.

நம்ம நாட்டிலும் 2021-ல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் ஆரம்பித்தாயிற்று. நாளைக்கு நம்மில் சில பேர் இந்த மாதிரி ப்ராஜெக்டில்தான் ஆணி பிடுங்கப் போகிறோம். அன்றைக்கு எதிரே உட்காரும் நர்ஸ் "இது சரிவராதுங்க" என்று சொன்னால், "யூசருக்கு ட்ரெய்னிங் பத்தலை" என்று எழுதி மூடிவிடாதீர்கள். பேனாவை விட மனசில்லாமல் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு குழந்தை வந்துகொண்டிருக்கிறது.