தேடுபொறிக்குத் தமிழை விற்பதா?

"மருத்துவமனை என்று எழுதாதீர், ஆசுபிட்டல் என்றே எழுதுங்கள். வீட்டுக்கடன் என்று எழுதாதீர். ஓம்லோன் என்றே எழுதுங்கள். அப்பொழுதுதான் உங்கள் பக்கம் முதலில் வந்து நிற்கும்!" தமிழில் இணையப் பக்கம் நடத்துவார்க்குக் கூலிக்கு அறிவுரை வழங்கும் ஒரு புதுக்கூட்டத்தார் நாள்தோறும் ஓதிவரும் மந்திரம் இது. தேடுபொறி உகப்பாக்கம் என்பது அவர்தம் தொழிலுக்குப் பெயர். ஒரு வணிகர் தம் சரக்கைப் பலர் கண்ணிலும் படுமாறு வைப்பதை நாம் குறை கூறவில்லை. கடைக்குப் பெயர்ப்பலகை வேண்டும். ஆனால் பலகை எழுத வந்தவன் கடைக்காரனின் தாய்மொழியையே மாற்று என்று சொல்லும்பொழுது, அவன் கையிலிருக்கும் வண்ணக்கலத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு வினவ வேண்டிய வினாக்கள் சில உள.

முதற்கண் அவர்கள் தொழிலின் உள்ளீடு யாது என்று காண்போம். தேடுபொறியின் வேலை மூன்று. வலைப்பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுப்பு வழியே சென்று படித்து வருதல் ஒன்று. படித்தவற்றைச் சொல்வாரியாக அடைவு செய்து வைத்தல் மற்றொன்று. வினவியவர்க்கு எதனை முன்னே காட்டுவது என்று வரிசைப்படுத்துதல் மூன்றாவது. 1998-இல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கிய சுடான்போர்டு பல்கலைக்கழக மாணவர் இருவர், ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்களின் தகுதி யாது என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளந்தனர். நல்ல எண்ணந்தான். ஆயினும் அளவுகோல் இன்னதென்று தெரிந்தவுடன் அளவுகோலுக்கு ஏற்பப் பொய்யுடல் வளர்க்கும் கூட்டமும் தோன்றிவிட்டது. விலைக்குத் தொடுப்பு வாங்கினர். ஒரே திறவுச்சொல்லை ஒரு பக்கத்தில் ஐம்பது முறை திணித்தனர். வெள்ளைத்தாளில் வெள்ளை எழுத்தால் சொற்களை ஒளித்துவைத்தனர். 2011-இல் உள்ளீடற்ற பக்கங்களையும் 2012-இல் விலைத்தொடுப்புகளையும் கூகுள் பின்னுக்குத் தள்ளியது. அன்று ஒரே இரவில் முகவரியிழந்த பக்கங்கள் பல. அவற்றுக்கு அறிவுரை விற்றவர்களோ வேறு அறிவுரை விற்கப் போயினர்.

இந்தத் திறவுச்சொல் திணிப்பு ஆங்கிலத்திலேயே அருவருப்பானது. தமிழிலோ அது மொழிக்கொலை. ஆங்கிலப் பெயர்ச்சொல் வேற்றுமைக்குத் தன் வடிவை மாற்றிக்கொள்வதில்லை. நம் சொல்லோ உயிருள்ளது. மரம் என்பது மரத்தை என்றும், மரத்தின் என்றும், மரத்தடியில் என்றும், மரங்களுக்கு என்றும் வேற்றுமையும் சாரியையும் புணர்ச்சியும் ஏற்று வேறு வேறு வடிவெடுக்கும். இவ்வடிவங்கள் அனைத்தும் ஒரு சொல்லின் என்று பழைய பொறிக்குத் தெரியவில்லை. அதனால் நம் அறிவுரையாளர் என்ன செய்தனர்? பொறிக்கு இலக்கணம் கற்பிக்க வழி தேடாமல், தமிழரின் இலக்கணத்தை உரித்தெறிந்தனர்! 'சென்னை சிறந்த பல் மருத்துவர் தேடும் உங்களுக்குச் சென்னை சிறந்த பல் மருத்துவர் எங்களிடம்' என்றெழுதினர். உருபு இல்லை, இயைபு இல்லை, எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று தெரியவில்லை. ஐந்தாம் வகுப்புச் சிறுவன் இவ்வாறு எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். இவர்களுக்கோ திங்கள்தோறும் ஊதியம்! இதனினும் கொடிது ஒன்றுண்டு. மக்கள் பிழையாகத் தட்டெழுதித் தேடுகின்றனராம். ஆகையால் வாழை என்பதை வாலை என்றும் ஒருமுறை எழுதிவைக்க வேண்டுமாம்! ழகரத்தைப் பறிகொடுத்துவிட்டு வரிசையில் முதலிடம் பெற்று யாருக்கு என்ன பயன்?

"மக்கள் அப்படித்தானே தேடுகின்றனர், எண்ணிக்கை சொல்கிறதே" என்பார்கள். இதுதான் அவர்களுடைய ஒரே கருவி. இதனைச் சற்று நின்று ஆராய்வோம். எண்ணிக்கை என்பது நேற்று வரை நடந்ததன் கணக்கேடு. எழுத்தோ நாளை வழங்கப்போவதன் விதை. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு தேடுபொறி இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று மேடைதோறும் அக்கிராசனர் வீற்றிருந்தார், தேர்தலில் அபேட்சகர் நின்றார், உபந்நியாசம் நடந்தது, விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை அச்சாயிற்று. அன்றைய எண்ணிக்கையைக் காட்டி, "தலைவர் என்று யாரும் தேடவில்லை, வேட்பாளர் என்று யாரும் தேடவில்லை, சொற்பொழிவு என்று யாரும் தேடவில்லை, எனவே எழுதாதீர்" என்று இவ்வறிவுரையாளர் அன்றே சொல்லியிருப்பர். மறைமலையடிகளாரும் அவர்வழி வந்தோரும் எண்ணிக்கை பார்த்தா எழுதினர்? எழுதினர், பேசினர், பாடநூலில் ஏற்றினர், அதன் பின்னரே எண்ணிக்கை வந்து சேர்ந்தது. பேருந்து என்னும் சொல் பிறந்த நாளில் அதனைத் தேடியவர் ஒருவருமிலர். இன்று பேருந்து நிலையம் என்பது ஊர்தோறும் பலகையில் நிற்கிறது. கணினி, இணையம், மின்னஞ்சல், கைப்பேசி என எல்லாவற்றின் வரலாறும் இஃதே. தேடப்படும் சொல்லை எழுதுவது வணிகம். தேடப்படவேண்டிய சொல்லை எழுதிவைப்பதே மொழிப்பணி.

இனி, காலம் மாறிவிட்டது. இவர்களின் பழஞ்சரக்கு இவர்கள் கையிலேயே புளித்துப்போனதைச் சொல்லவேண்டும். சொல்லின் வடிவைப் பெரிதும் ஒப்பிட்டுவந்த கூகுள், சொல் நிற்கும் சூழலைக் கொண்டு பொருளை உணரும் முறையை 2019-இல் ஆங்கிலத்துக்கும், அவ்வாண்டு திசம்பரில் எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கும் கொணர்ந்தது. அவற்றுள் தமிழும் ஒன்று. 2022 நவம்பர் 30-இல் ஓப்பன் ஏ.ஐ. என்னும் நிறுவனம் உரையாடும் செயற்கை நுண்ணறிவுப் பொறியை வெளியிட்டது. அதன் பெயரை நம் எழுத்தில் எழுதினால் 'சாட்சிபிடி' என்று வருகிறது! சாட்சி வடசொல்லாயினும் இங்குப் பொருத்தமாகத்தான் வாய்த்திருக்கிறது. எவருடைய சான்றைப் பிடித்து அது விடை சொல்கிறது என்பதே இன்றைய வழக்கு. 2024 மே திங்களில் கூகுளும் தன் தேடற்பக்கத்தின் முகப்பிலேயே செயற்கை நுண்ணறிவு புனைந்த விடைச்சுருக்கத்தை அமெரிக்காவில் வைக்கத் தொடங்கியது. வெளியிட்ட சில நாள்களிலேயே, வேகப்பத்தின்மீது பாலாடைக்கட்டி ஒட்டாவிடில் பசை சேர்க்கலாம் என்று அது அறிவுரைத்ததும், அவ்விடை எவரோ ஆண்டுகட்கு முன் விளையாட்டாக எழுதிய ஒரு வரியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் உலகறிந்த நகைப்பு.

நகைத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. 2025 மார்ச்சில் அமெரிக்கர் தொள்ளாயிரவரின் தேடல்களைப் பியூ ஆய்வு நடுவம் ஆராய்ந்தது. விடைச்சுருக்கம் தோன்றாத தேடல்களில் நூற்றுக்குப் பதினைந்து முறை மக்கள் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்தனர். சுருக்கம் தோன்றியவற்றில் எட்டு முறையே திறந்தனர். சுருக்கத்துக்குள் காட்டப்படும் சான்றுத்தொடுப்பைத் திறந்ததோ நூற்றுக்கு ஒன்று! எழுதியவன் வாயிலுக்கு வாசகன் வருவது குறைகிறது. எழுதியதைத் தின்று வளர்ந்த பொறியே வாயிலில் நின்று விடைபகர்கிறது. அதே கூகுள், தேடற்சந்தையில் சட்டத்துக்கு மாறாகத் தனியாட்சி செலுத்துகிறது என்று அமெரிக்க நடுவர் அமித் மேத்தா 2024 ஆகத்தில் தீர்ப்புரைத்தார் என்பதையும் உடன்வைத்து எண்ணுக.

முதலிடம் வாங்கித் தருவேன் என்றவன் இப்பொழுது என்ன விற்பான்? "பொறியின் விடைக்குள் உங்கள் பெயரை நுழைத்துத் தருகிறேன்" என்று கடையைப் புதுப்பித்துவிட்டான். ஆயினும் ஆராய்ந்தவர் கண்டது வேறு. 2023 நவம்பரில் பிரின்சுடன் பல்கலைக்கழகத்தாரும் தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் பிறரும் சேர்ந்து பதினாயிரம் வினாக்களைக் கொண்டு ஓர் ஆய்வு வெளியிட்டனர். சான்று காட்டல், பிறர் கூற்றை மேற்கோளாகத் தரல், எண்களோடு கூறல் ஆகியவை ஒரு பக்கம் பொறியின் விடையில் இடம்பெறுவதை நாற்பது விழுக்காடு வரை உயர்த்தின. திறவுச்சொல் திணிப்போ பயன் தரவில்லை. நம் உரையாசிரியர் கடைப்பிடித்த முறையன்றோ இது! நூற்பா இன்னது, மேற்கோள் இன்னது, மறுப்பு இன்னது என்று எழுதிய மரபினருக்கு இதனைப் பணங்கொடுத்துக் கற்கவேண்டிய நிலை வந்தது வியப்பே.

ஆனால் உண்மையான இடர் இதனினும் ஆழத்தில் உளது. இப்பொறிகள் வலையில் எழுதப்பட்டுள்ளவற்றைப் படித்தே மொழி கற்கின்றன. அவை படிக்கும் பெருந்தொகுப்புகளுள் ஒன்றான காமன் கிரால் என்பதில் ஆங்கிலம் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். தமிழோ நூற்றில் ஒன்றின் பத்திலொரு பங்குகூட இல்லை. அக்கைப்பிடியிலும் எத்தனை நல்ல தமிழ்? வளங்குன்றிய மொழிகளில் வலையில் கிடக்கும் எழுத்தில் பெரும்பங்கு பொறியே பெயர்த்துப்போட்ட தரமற்ற மொழிபெயர்ப்பு என்று 2024-இல் ஓர் ஆய்வு காட்டியது. பொறி ஈன்றதையே பொறிக்கு மீண்டும் மீண்டும் உணவாக இட்டால் அதன் அறிவு படிப்படியாகச் சிதையும் என்று அவ்வாண்டுச் சூலையில் நேச்சர் இதழில் வந்த கட்டுரை நிறுவியது. அரிதாக வழங்குவனவே முதலில் மறையுமாம். நமக்கு இதன் பொருள் என்ன?

பாவாணர் எடுத்துக்காட்டிய வேறுபாடு ஒன்றை நினைவுகூர்க. மாவுக்கும் வேம்புக்கும் இலை. நெல்லுக்கும் புல்லுக்கும் தாள். சோளத்துக்கும் கரும்புக்கும் தோகை. தென்னைக்கும் பனைக்கும் ஓலை. ஆங்கிலத்துக்கு இவை நான்கும் பெரும்பாலும் ஒன்றே. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும் பொறி 'கரும்பு இலை' என்றும் 'தென்னை இலை' என்றும் எழுதும். அதனை நூறு பக்கங்கள் படியெடுக்கும். அடுத்த பொறி அந்நூற்றைப் படித்துத் தேறும். உழவன் மகன் கரும்பைப்பற்றி வினவினால், கரும்பைக் காணாத பொறி அவன் பாட்டன் சொல்லை அவனுக்கே பிழையென்று திருத்தும். சொற்கலப்பை நாம் எதிர்த்தோம். இங்கு நேர்வது கருத்துக்குறைவு. கலந்த சொல்லைக் களைந்துவிடலாம். மறந்துபோன வேறுபாட்டை எங்கிருந்து மீட்பது?

இவ்விடத்தில் நம் தோழர்களையும் ஒன்று கேட்டாக வேண்டும். அரைநூற்றாண்டாக நாம் நடத்திய இதழ்கள் எங்கே? ஆக்கிய சொற்பட்டியல்கள் எங்கே? கட்டுக்கட்டாக அலமாரியில்! வலையேறியவற்றுள்ளும் பெரும்பாலானவை தாள்களின் நிழற்படங்கள். கண்ணுக்கு அது எழுத்து. தேடுபொறியின் அடைவுக்குப் பல வேளைகளில் அது வெறும் படம். வேறு சில, பழைய எழுத்துருக்குக் குறியாக்கங்களில் கிடக்கின்றன. தசுகி, தாப், தாம், பாமினி என ஆளுக்கொரு குறியாக்கம் வைத்திருந்த காலத்து எழுத்து, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிக்கோவையாகத் தோன்றும். தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது 2010-இல். இன்னும் பழைய எழுத்துருவிலேயே பக்கமமைத்து, அதனைப் படமாக்கி வலையேற்றும் அன்பர்களே, நீங்கள் பூட்டிய வீட்டுக்குள் உரக்கப் பேசுகின்றீர்கள்! தூயதமிழ் தோற்றது என்று எண்ணிக்கை காட்டுகிறதென்றால், போட்டியில் நாம் ஓடவே இல்லை என்பதும் அதற்கொரு கரணியம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும், 2003 முதல் விக்கிப்பீடியாவில் எழுதிவரும் தன்னார்வலரும், ஈழத்து நூலகத் திட்டத்தாரும் ஊதியமின்றி உழைத்திராவிடில் இன்று பொறிகள் அறிந்த தமிழ் இன்னும் இழிந்ததாக இருந்திருக்கும்.

ஆகவே அறிவுரையாளனை விரட்டுவது பாதிப்பணியே. மறுபாதி நம் கையில். படத்தை எழுத்தாக்குக, இன்று எழுத்துணரிக் கருவிகள் அச்சுத்தமிழைப் பெரும்பாலும் செம்மையாகப் படிக்கின்றன, பிழைதிருத்த மட்டும் கண்ணும் பொறுமையும் வேண்டும். எழுதும் ஒவ்வொன்றிலும் ஆண்டு, இடம், சான்று ஆகியவற்றைக் குறியுங்கள். ஒரு பக்கத்தில் ஒரு பொருளையே முழுமையாக ஆராயுங்கள். அயற்சொல்லை அறவே தொடக்கூடாதா என்று சிலர் வினவுவர். என் கருத்து இது: தெருவில் வழிதெரியாது நிற்பவனுக்காக வாயிலில் ஒருமுறை, 'மக்கள் பேச்சில் இன்னவாறு வழங்குவது' என்று மேற்கோட்குறிக்குள் அதனை வைக்கலாம். அது கைகாட்டி. உள்ளே அழைத்தபின் வீடு முழுதும் தமிழாகவே இருக்கட்டும். கடுந்தூய்மை வேண்டும் அன்பர்க்கு இது கசக்கும். ஆயினும் 'பைல்சு' என்று தேடிவரும் நோயாளிக்கு மூலம் என்னும் சொல்லைக் கற்றுக்கொடுக்க வேறு வழியில்லை.

தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். இவ்விடுமுறையில் மாணாக்கரைத் தச்சர், கொல்லர், குயவர், பனையேறுவோர், வலைஞர் ஆகியோரிடம் அனுப்புங்கள். ஒவ்வொருவரும் கருவிப்பெயர் பத்தும், வினைப்பெயர் பத்தும், அவற்றின் பொருளும் வட்டாரமும் கேட்டெழுதி வரட்டும். பார்த்துத் திருத்தி ஒருங்குறியில் தட்டெழுதி விக்சனரியிலோ பள்ளியின் பக்கத்திலோ ஏற்றுங்கள். தலைப்பு 'பனையோலையின் உறுப்புப் பெயர்கள்' என்றிருக்கட்டும். 'உங்களை வியக்கவைக்கும் பத்துச் செய்திகள்' என்று மட்டும் வைத்துவிடாதீர்கள்.