நம் ஊர்ப் பாறையை நமக்கு யார் காட்டுவார்?

விடுமுறை நாள்களில் தேனியிலிருந்து குமுளி செல்லும் சாலையில் சுற்றுலா வேன்களுக்குக் குறைவில்லை. சுருளி அருவி, மேகமலை, திராட்சைத் தோட்டம், பிறகு தேக்கடி. இந்த வேன்கள் கடந்து செல்லும் உத்தமபாளையத்தில் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட சமணச் சிற்பங்கள் உள்ளன. வெளியூராரை விடுங்கள், இம்மாவட்டத்தில் வாழும் நம்மில் எத்தனை பேர் அவற்றைப் பார்த்திருக்கிறோம்?

கருப்பணசாமி கோவில் பாறை என்று ஊரார் சொல்லும் இடத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அருகே வட்டெழுத்துகள். அவற்றுள் அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் வருகிறது. இதே பெயர் மதுரை யானைமலைப் பாறையிலும் இருக்கிறது. மதுரைக்கும் நம் பள்ளத்தாக்குக்கும் இடையே துறவியர் நடந்து திரிந்த காலத்தின் தடயம் இது. ஆனால் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாதபோது, அது வெறும் பாறைதான்.

2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் வந்தபோது அப்பகுதி மக்கள் எதிர்த்தனர். அதையொட்டி எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று தொடங்கிய 'பசுமை நடை', மக்களை மதுரையின் மலைகளுக்கு அழைத்துச் சென்றது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் பாறையடியில் நின்று விளக்கினர். குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் தரையில் அமர்ந்து கேட்டனர். தேனிப் பக்கம் இப்படி ஒரு பழக்கம் வேரூன்றவில்லை என்பது நமக்கு வருத்தமே. சொல்வதற்கு இங்கே செய்தி இல்லாமல் இல்லை. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த மூன்று நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்து உள்ளது. கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனை அவற்றுள் ஒன்று குறிக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய கற்கள் இவை!

வழிகாட்டி இருந்தால் மட்டும் போதாது, அவர் எதைச் சொல்கிறார் என்பதும் முக்கியம். லோயர் கேம்ப்பில் 2013-இல் திறக்கப்பட்ட பென்னிகுக் மணிமண்டபத்துக்குச் செல்வோர், அவர் தம் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதையைக் கேட்டே திரும்புகின்றனர். அதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. செலவை ஏற்றது அன்றைய சென்னை மாகாண அரசு. இதனால் அவருடைய உழைப்பின் பெருமை சற்றும் குறையாது. அவர் பிறந்த ஜனவரி 15-இல் நம் விவசாயிகள் பொங்கலிடுவதில் தவறும் இல்லை. ஆனால் 1887 முதல் 1895 வரை அந்தக் காட்டில் மலேரியாவிலும் காலராவிலும் மடிந்த தொழிலாளர்களைப் பற்றி நம் பிள்ளைகள் ஒரு வார்த்தையும் கேட்காமல் வீடு திரும்புகிறார்களே! நாம் உண்ணும் சோற்றில் அவர்களுக்கும் பங்கு உண்டல்லவா?

வேற்றுச் சமயத்தாரின் சின்னங்களை நாம் ஏன் பார்க்கவேண்டும் என்று சிலர் கேட்கலாம். உத்தமபாளையத்தில் சமணர் செதுக்கிய பாறையின் அடியில்தான் கருப்பணசாமியை வணங்குகிறார்கள். சிற்பங்களும் அங்கேயே இருக்கின்றன. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி ஆலயங்களின் கதையையும் பிற சமயத்தவர் வந்து கேட்டால் நமக்கு மகிழ்ச்சிதானே?

பங்கின் இளையோரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் சேர்ந்தால் முதல் நடைக்குப் போதும். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து உத்தமபாளையத்துக்குப் புறப்பட்டால், வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.