வரப்பில் பூத்திருப்பது என்ன?

கேள்வி: பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகள் வரப்பிலும் கண்மாய்க்கரையிலும் கிடைக்கும் பூக்களைப் பறித்து வந்து பெயர் கேட்கிறார்கள். பாதிக்கு மேல் 'களை' என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டுப் பூக்களை அடையாளம் காண எளிய வழி உண்டா?

– ஒரு விவசாயி, ராஜபாளையம்

பதில்: உண்டு. புத்தகம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதலில் கண்ணும் விரலும் மூக்கும் போதும்.

இளவேனிலில் தரையெல்லாம் பூவாக இருக்கும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வரப்புச் செடிகளில் பெரும்பாலானவை ஐப்பசி மழைக்கு முளைத்து, தை மாதத்துக்குள் பூத்து ஓய்ந்துவிடும். பங்குனி, சித்திரையில் பூப்பவை மரங்கள்: வேம்பு, புங்கு, சரக்கொன்றை. தரைப்பூ பார்க்க வேண்டுமானால் ஈரம் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். வாய்க்கால் ஓரம், மாந்தோப்பில் பாசன நீர் கசியும் இடம், தண்ணீர் வற்றிவரும் கண்மாய் உள்வாய். உள்வாயில் தரையோடு படர்ந்து, தீக்குச்சித் தலைபோல் சின்னஞ்சிறு பூக்கொத்து நீட்டிக்கொண்டிருப்பது பொடுதலை.

தும்பையில் தொடங்குவது நல்லது. தண்டை இரு விரலால் உருட்டினால் உருளாது. நான்கு பட்டை தட்டுப்படும். துளசித் தண்டையும் உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது வேளை. வெள்ளைப் பூ, நீண்ட காம்பில் மேலே தூக்கி நிற்கும் ஆறு மகரந்தத்தாள்கள் என்றால் நல்லவேளை; கீரையாகச் சமைப்பது இதைத்தான். மஞ்சள் பூ, தொட்டால் விரலில் பிசுபிசுப்பு என்றால் நாய்வேளை. நெருஞ்சியிலும் இப்படி ஒரு சோடி உண்டு. சிறு நெருஞ்சி தரையில் படரும். புளிய இலைபோல் சிறு இலைகள், ஐந்து மஞ்சள் இதழ்கள். ஆனை நெருஞ்சியின் மஞ்சள் பூ குழல் வடிவம். அதன் கிளையைத் தண்ணீரில் போட்டுச் சுழற்றினால் தண்ணீர் வழவழவென்று கெட்டியாகிவிடும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேடிக்கை கிடைக்காது.

வெட்டுக்காயப் பூண்டின் பூவைப் பிய்த்துப் பார்த்தால் அது ஒரு பூ அல்ல, பல பூக்கள் சேர்ந்த கொத்து என்று தெரியும். சூரியகாந்தியும் அப்படித்தான். பார்த்தீனியமும் அதே குடும்பம்தான். ஆனால் அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. கேரட் இலைபோல் பிளவுபட்ட இலை, கிளை நுனியெல்லாம் ஐந்து மூலையுள்ள சிறு வெள்ளைப் பூத்தலை. தொட்டால் பலருக்குத் தோல் அரிக்கும், மூச்சிரைப்பும் வரும். பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டியது பெரியவர்கள் வேலை.

மலையடிவாரத்தில் ஆடு மாடு மேய்ப்பவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது உண்ணிச்செடி. ஒரே கொத்தில் ஓரப்பூ ஒரு நிறம், நடுப்பூ வேறு நிறம். பூ முதிர முதிர நிறம் மாறுவதால் வருவது அது. பார்க்க அழகு. கோடையில் புல் காய்ந்து, பசி தாங்காமல் மாடு இந்த இலையைத் தின்றால் ஈரல் கெடும், வெயில் பட்ட தோல் வெந்து உரியும். அப்போது மாட்டை நிழலில் கட்டிவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். இரண்டையும் வெறும் 'களை' என்று மட்டும் சொல்லிப் பழகினால் பொடுதலைக்கும் உண்ணிச்செடிக்கும் வேறுபாடு இல்லாமல் போகிறது.

பெயர் தெரியாத எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஊமத்தையும் வெள்ளையாக அழகாகத்தான் பூக்கும்.

செண்பகத்தோப்புப் பக்கம் போனால் பார்ப்பதோடு சரி. 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக இருந்த அந்த மலைக்காடு 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அங்கே ஒரு பூவைக்கூடப் பறிக்கக் கூடாது.

சொந்த வரப்பில் பறித்ததைப் பழைய செய்தித்தாள் நடுவே வைத்து, மேலே கனம் ஏற்றி, தினமும் தாளை மாற்றினால் ஒரு வாரத்தில் பெரும்பாலும் காய்ந்துவிடும். பக்கத்தில் தேதி, இடம், பூவின் நிறம் எழுத வேண்டும். காய்ந்தபின் நிறம் நிற்காது. வீட்டுப் பாட்டி சொல்லும் பெயரையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். ராஜபாளையத்தில் ஒரு பெயரும் அடுத்த ஊரில் வேறு பெயரும் இருக்கும், இரண்டையும் எழுதலாம்.