கத்தி பிடித்தவன் சொன்ன கதை

சினிமாச் சண்டை என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? கதாநாயகன் கையை முறுக்கினால் பேரன் துள்ளுகிறான். பக்கத்தில் இருக்கும் தாத்தாவும் துள்ளுகிறார். அதில் குற்றம் இல்லை. ஆனால், ரத்தம் சிந்துவதை அழகாகக் காட்டுகிறார்களே, அந்த அழகை நம்பலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் படம் ஒன்று உண்டு. அது ஜப்பான் மொழிப் படம். பெயர் ‘ராஷோமோன்’. அகிரா குரோசாவா என்ற டைரக்டர் 1950-இல் எடுத்தார். மறு ஆண்டே இத்தாலியில் நடந்த வெனிஸ் படவிழாவில் முதல் பரிசு பெற்றது.

காட்டில் ஒரு பிணம்

கதை சின்னது. ஒரு போர்வீரனும் அவன் மனைவியும் காட்டு வழியே போகிறார்கள். ஒரு கொள்ளைக்காரன் சூழ்ச்சி செய்து வீரனைக் கட்டிப் போடுகிறான். மனைவிக்குக் கொடுமை இழைக்கிறான். பிறகு வீரன் பிணமாகக் கிடக்கிறான்.

கொன்றது யார்? கொள்ளைக்காரன் ஒரு கதை சொல்கிறான். மனைவி வேறு கதை சொல்கிறாள். செத்தவனின் ஆவியும் சாமியாடும் பெண் மேல் இறங்கி மூன்றாவது கதை சொல்கிறது! ஒன்றுக்கு ஒன்று ஒட்டவில்லை.

படம் கறுப்பு வெள்ளைதான். ஆனாலும் என்ன அழகு! இலைகளின் நடுவே சூரியன் கண்ணைக் கூச வைக்கிறது. இடிந்த நகர வாசலில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. பாஷை தெரியாவிட்டால் என்ன? மழைக்கும் பயத்துக்கும் பாஷை வேண்டியது இல்லை.

ஒரே சண்டை, இரண்டு கதை

கொள்ளைக்காரன் சொல்லும் கதையில் வாள் சண்டை பிரமாதம். இருவரும் புலி போலப் பாய்கிறார்கள். பார்க்கும் நமக்குக் கை தட்டத் தோன்றுகிறது.

மறைந்திருந்து பார்த்த விறகுவெட்டி பிறகு ஒரு கதை சொல்கிறான். அதே காடு, அதே இரண்டு பேர். ஆனால் இருவர் கையும் வெடவெடவென்று நடுங்குகிறது. ஓடுகிறார்கள், தடுக்கி விழுகிறார்கள், மூச்சு இரைக்கிறார்கள். கடைசியில் வீரன் தரையில் தவழ்ந்து, சாக மனம் இல்லை என்று கெஞ்சுகிறான். அப்படிக் கெஞ்சியவனைத்தான் மற்றவன் குத்துகிறான்.

முதலில் நமக்குச் சிரிப்பு வருகிறது. பிறகு அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கிக் கொள்கிறது.

விறகுவெட்டியும் யோக்கியன் அல்ல. குத்துவாள் ஒன்றைத் திருடியதை மறைத்தவன்தான். ஆனால் அந்த நடுக்கம் பொய்யாகத் தோன்றவில்லை. கத்தி பிடித்தவன் சொன்னால் சண்டை அழகு. பக்கத்தில் நின்று பார்த்தவன் சொன்னால் அது பரிதாபம்!

எம்டனும் குண்டும்

வடசென்னைக்கு இது புதுப் பாடம் அல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியரின் ‘எம்டன்’ கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு போட்டது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. உயிர்களும் போயின. அதன் பிறகு என்ன ஆயிற்று? கெட்டிக்கார ஆசாமியை ‘அவன் பெரிய எம்டன்’ என்று சொல்லும் வழக்கம் வந்தது. சுட்டவன் பெயர் தமிழில் ஒரு சொல் ஆகிவிட்டது. செத்தவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்த யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்தான். 1942-இல் அவனுக்குப் பயந்து சென்னை மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டுப் போனார்கள். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் ஒன்று குண்டும் வீசியது.

சில ஆண்டுகளில் அதே நாட்டிலிருந்து ‘ராஷோமோன்’ வந்தது. வீணை வித்துவான் எஸ்.பாலசந்தர் அதைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார். 1954-இல் ஏவி.எம். நிறுவனத்துக்காக ‘அந்த நாள்’ படத்தை எடுத்தார். அந்தக் குண்டு வீச்சுக் காலம்தான் கதையின் காலம். பாட்டு இல்லை, நடனம் இல்லை. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். ஒரே ஒரு சாவு! அந்த ஒருவன் ஏன் செத்தான் என்றுதான் படம் முழுக்கக் கேட்கிறார்கள்.

இன்றைய படங்களில் ஒரு காட்சிக்குள் 20 பேர் விழுகிறார்கள். அவர்களில் ஒருவனுக்காவது பெயர் உண்டா? அவன் வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று காட்டுகிறார்களா?

நம் வீட்டுப் பிள்ளைகள்

வடசென்னை என்றாலே கத்தியைக் காட்டுவது சினிமாவில் வழக்கமாகிவிட்டது. காசிமேட்டில் வலை இழுத்த கை, துறைமுகத்தில் மூட்டை சுமந்த கை, எண்ணூரில் லாரி செய்த கை, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்த கை... இத்தனை கைகள் இருக்க, கத்தி பிடித்த கைதான் படத்துக்குக் கிடைக்கிறது.

வெட்டுக் குத்து நம் பகுதியில் நடக்கவே இல்லை என்று சொல்லவில்லை. நடந்தது, நடக்கிறது. ஆனால் அந்தக் கதையைத் தெருமுனையில் ரவுடி சொன்னால் ஒரு விதம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் விடிய விடியக் குந்தியிருந்த தாய் சொன்னால் வேறு விதம். இதில் எந்தக் கதை நம் பிள்ளைகள் காதில் விழுகிறது?

பெற்றோர் என்ன செய்யலாம்? சண்டைப் படமே கூடாது என்று தடுத்துப் பயன் இல்லை. செல்போன் வந்த பிறகு எந்தக் கதவைப் பூட்டுவது? சின்னஞ் சிறுவருக்கு இத்தகைய படங்கள் வேண்டாம். வளர்ந்த பிள்ளையோடு நாமும் உட்கார்ந்து பார்ப்போம். படம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: “செத்தானே, அவன் யார்?”

பிள்ளை பதில் சொன்னால் அது நல்ல படம். எத்தனை ரத்தம் இருந்தாலும் அவன் மனம் இளகியிருக்கிறது. “அவனா? யாரோ ஒருத்தன்” என்று சொன்னால், அங்கேதான் நாம் பேசத் தொடங்க வேண்டும்.

உலகத்தில் ‘யாரோ ஒருத்தன்’ என்று எவனும் இல்லை. ஒவ்வொருவனும் ஒரு வீட்டுப் பிள்ளை!