துறவும் அளவும்

விலங்குணவை முற்றாகத் துறப்பதா, குறைத்துண்பதா என்னும் வழக்கு இரு முகாம்களின் பூசலாக மாறிவருவது வருந்தத்தக்கது. துறந்தார், குறைத்தாரைக் கோழையர் என்கின்றனர். குறைத்தார், துறந்தாரைப் பிடிவாதக்காரர் என்கின்றனர். இருவரும் மோதிக்கொள்ள, உண்ணும் பழக்கத்தை எள்ளளவும் மாற்றாதார் கவலையற்று இருக்கின்றனர்.

ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்னும் இரு அறிஞர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வழக்கில் கருதத்தக்கது. 119 நாடுகளின் ஏறத்தாழ 38,000 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி அவர்கள் கண்டது இது: உலகம் விலங்குணவை அறவே விட்டால், உணவு உற்பத்தியால் எழும் பசுங்குடில் வளிகள் 49 விழுக்காடு குறையும். நுகர்வைப் பாதியாக்கி, அப்பாதியைக் கேடு மிகுந்த பண்ணைகளிலிருந்தே விலக்கினாலோ, முழுத்துறவால் வரும் பயனில் 71 விழுக்காடு கைகூடும். காடழித்து வளர்த்த மாட்டிறைச்சிக்கும் இயற்கைப் புல்வெளியில் மேய்ந்ததற்கும் அத்துணை வேறுபாடு உண்டு. ஆகவே, பலரைப் பாதியளவேனும் குறைக்கச் செய்வதே இன்றைய பொதுக்கடமை என்பது நம் துணிபு.

எனினும், முற்றத் துறந்தாரின் குரலை இகழவொண்ணாது. நாம் காண மறுக்கும் உண்மையொன்றை அவர்கள் விடாது சொல்கின்றனர். கறவைக்கு முன் கன்றை மடியில் ஊட்டவிடுகிறோம்; பால் சுரந்ததும் கழுத்துக்கயிற்றைப் பற்றி இழுத்துக் கட்டுகிறோம். கிடாரிக்கன்றாயின் தொழுவத்தில் இடமுண்டு. காளைக்கன்றாயின்? ஏருக்கும் வண்டிக்கும் இயந்திரம் வந்தபின் அதற்கு வேலையில்லை. பால் வற்றிய பசுவும் காளைக்கன்றும் பொள்ளாச்சி போன்ற சந்தைகளில் கைமாறி, கேரளத்து இறைச்சிக்கூடங்களைச் சென்று சேர்கின்றன. 1970-இல் வெண்மைப் புரட்சி தொடங்கியபின் பால் பெருகியது; இக்கேள்வியும் உடன் பெருகியது. புலால் உண்ணாமல் பால் மட்டும் அருந்துவோர், கொலையில் தமக்குப் பங்கில்லை என எண்ணுவது மெய்யன்று.

வள்ளுவர் புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்தார். அளவறிந்து உண்பதையோ மருந்து என்னும் அதிகாரத்தில் யாவர்க்கும் உரைத்தார். அவ்வைப்புமுறை நம் எண்ணத்திற்கு உரியது.

குறைக்க வேண்டியோர் யார்? ஆண்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் இறைச்சி நுகரும் அமெரிக்கர்க்குச் சொல்லும் சொல்லை, மகளிருள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகையால் வாடும் நம் நாட்டின் ஏழைக்குச் சொல்வது அறமாகாது. சத்துணவில் குழந்தையின் தட்டில் விழும் முட்டையைச் சூழலின் பெயரால் எவரும் தொடலாகாது. தாவர உணவில் கிட்டாத வைட்டமின் பி12-ஐ மாத்திரையாக வாங்கி உண்பது வசதியுடையார்க்கே எளிது. இறைச்சி உண்போரைச் சாதியால் இழித்துரைக்கும் பழங்கொடுமையோடு இவ்வேண்டுகோளைக் கலப்பதையும் நாம் ஏற்கோம்.

நாள்தோறும் புலால் இன்றி உண்ணாத செல்வரும், திருமணப் பந்தியில் பனீர், நெய்யினிப்பு, பாயசம், ஐஸ்கிரீம் என அடுக்கி இலையோடு குப்பையில் கொட்டுவோரும் குறைக்கட்டும்.

கால்நடை வளிகளுக்கு 2030 முதல் வரி விதிக்க டென்மார்க் முடிவு செய்துள்ளது. நம் அரசோ, வரியை எண்ணுமுன், புலாலுக்கு மாற்றாகும் பயறுவகைகளைப் பேணட்டும். நியாயவிலைக் கடைகளில் துவரையோடு கொள்ளும் பாசிப்பயறும் நிலக்கடலையும் வழங்குக. அவற்றை உழவரிடம் கட்டுபடியாகும் விலைக்குக் கொள்முதல் செய்க. அரசு விருந்துகளில் அவற்றையே முதலில் பரிமாறுக.