தகவல் தொழில்நுட்பத்தில் பெண்கள்: எவருடைய கடிகாரத்தில் வேலை நேரம்?

குளிர்காலத்தில் லண்டன் அலுவலகமொன்று காலை 9 மணிக்குத் திறக்கப்படும்போது இலங்கையில் பிற்பகல் 2.30 மணி. அது மாலை 5 மணிக்கு மூடப்படும்போது இங்கு இரவு 10.30 மணி. நியூயோர்க்குடன் வேலை செய்பவர்களின் நிலைமை இதனிலும் கடினமானது. அங்கு காலை 9 மணி என்பது இங்கு இரவு 7.30 மணியாகும். ஒரு வீட்டில் இஷாத் தொழுகைக்கு ஆயத்தமாகும் வேளை; இன்னொரு வீட்டில் சுவாமி விளக்கேற்றிவிட்டுப் பிள்ளைகளைப் பாடப் புத்தகத்தின் முன் அமர்த்தும் வேளை. இரு வீடுகளிலும் இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அந்த வேளையில்தான் மென்பொருள் பொறியியலாளரான ஒரு தாய்க்கு வெளிநாட்டு வாடிக்கையாளருடனான கலந்துரையாடல் தொடங்குகிறது.

வேலைக்கும் குடும்பத்துக்கும் இடையே சமநிலை காண வேண்டும் என்று இத்துறைப் பெண்களுக்கு அறிவுரை கூறுவோர் பலர். நேரத்தைத் திட்டமிடுமாறும் மன அழுத்தத்தைக் குறைக்குமாறும் பயிற்சிப் பட்டறைகளில் கற்பிக்கப்படுகிறது. இவை பயனற்றவை என்று நாம் கூறவில்லை. ஆனால், தராசின் ஒரு தட்டை வெளிநாட்டு வாடிக்கையாளரும் மறு தட்டை வீட்டாரும் பிடித்துக்கொண்டிருக்க, நடுவில் நிற்கும் பெண்ணிடம் மட்டும் சமநிலையைக் கோருவது எவ்வகையில் நியாயம் என்பதே எமது கேள்வி.

இது ஒரு சில வசதி படைத்த குடும்பங்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இந்நாட்டின் அரச பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி பெறுவோரில் பெண்களே பெரும்பான்மையினர். பொறியியல் பீடங்களில் இன்னும் ஆண்களே அதிகமெனினும், கணினி விஞ்ஞானத்தையும் தகவல் தொழில்நுட்பத்தையும் கற்று வெளியேறும் தமிழ், முஸ்லிம் பெண்களை யாழ்ப்பாணம், வவுனியா, வந்தாறுமூலை, ஒலுவில் ஆகிய இடங்களிலுள்ள பல்கலைக்கழகங்களின் பட்டமளிப்பு விழாக்களில் ஆண்டுதோறும் காண்கிறோம். ஆயினும், 2023 ஆம் ஆண்டில் நாட்டின் பெண்களில் தொழிற்படையில் இருந்தோர் சுமார் 31 சதவீதத்தினர் மாத்திரமே. ஆண்களில் அது சுமார் 69 சதவீதம். 1945 முதல் இலவசக் கல்விக்குப் பொதுப்பணத்தைச் செலவிட்டுவரும் ஒரு நாடு, அக்கல்வியின் பயனில் பெரும் பகுதியை வீட்டு வாசலிலேயே இழந்து நிற்கிறது.

இழப்பு எப்போது நேர்கிறது என்பதும் இரகசியமானதல்ல. தொழிற்சந்தையில் பெண்களின் நிலை பற்றிய ஆய்வுகளுக்காக 2023 ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற அமெரிக்கப் பேராசிரியை குளோடியா கோல்டின், வளர்ந்த நாடுகளில் ஆண், பெண் வருமான இடைவெளியின் பெரும்பகுதி முதற் குழந்தை பிறந்ததிலிருந்தே உருவாகிறது என்று காட்டினார். எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருப்பவருக்கே சில தொழில்கள் அதிக ஊதியமும் பதவி உயர்வும் வழங்குகின்றன. ஒரே வீட்டில் இருவரும் அவ்வாறு இருக்க முடியாது. ஒருவர் அழைப்புக்குச் செல்ல, மற்றவர் பிள்ளைக்குச் செல்ல வேண்டியுள்ளது. பிள்ளைக்குச் செல்பவர் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. கடல் கடந்த வாடிக்கையாளரின் நேரத்துக்கு இயங்கும் எமது மென்பொருள் துறைக்கு இக்கூற்று முற்றிலும் பொருந்தும்.

2020 இல் கொவிட் தொற்று பரவியபோது வீட்டிலிருந்து வேலை செய்யும் முறை ஒரே இரவில் வழக்கத்துக்கு வந்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளின்றிப் போக்குவரத்து முடங்கியபோது அது மேலும் வேரூன்றியது. வடக்கு, கிழக்குப் பெண்களுக்கு இது பெரும் வாய்ப்பு என்பதை மறுக்க முடியாது. கொழும்பில் அறை தேடி அலையாமல், மகளைத் தனியே அனுப்புவதா என்ற பெற்றோரின் தயக்கத்தோடு போராடாமல், கல்முனையிலோ சாவகச்சேரியிலோ இருந்தபடியே உலகத் தரத்திலான வேலையொன்றைச் செய்ய முடிகிறது. திருமணத்தின் பின் வேலையை விட்டுவிட நேர்ந்திருக்கக்கூடிய பலருக்கு இம்முறை கைகொடுத்தது.

ஆனால், வீட்டில் இருப்பவரை ஓய்வாக இருப்பவராகவே எமது சமூகம் கருதிப் பழகியிருக்கிறது. மடிக்கணினியின் முன் அமர்ந்திருக்கும் கணவனிடம் எவரும் தேநீர் கேட்பதில்லை, மனைவியிடம் கேட்கிறார்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த நாட்களில், மின்சாரம் இருந்த சில மணித்தியாலங்களுக்குள் சமையலையும், துணி துவைப்பதையும், அலுவலக வேலையையும் அடுக்கிக்கொள்ள வேண்டியிருந்தவர்கள் பெண்களே. அலுவலகம் வீட்டுக்குள் வந்தது; வீட்டு வேலையோ வெளியே செல்லவில்லை.

வீட்டிலிருந்து மென்பொருள் எழுதுவது இன்று நேற்று வந்த புதுமையுமன்று. 1962 இல் பிரிட்டனில் ஸ்டெபனி ஷேர்லி என்ற பெண்மணி வெறும் 6 பவுண் முதலீட்டுடன் ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். திருமணத்தாலோ பிள்ளைப்பேற்றாலோ வேலையை விட்ட, பயிற்சி பெற்ற பெண்களையே அவர் தேடிச் சேர்த்தார். அவர்கள் தத்தமது வீடுகளிலிருந்தே வேலை செய்தனர். முதல் 300 ஊழியர்களில் ஆண்கள் மூவரே. கொன்கோர்ட் விமானத்தின் பறப்புப் பதிவுக் கருவிக்கான நிரலை எழுதியவர்களும் இப்பெண்களே. பெண் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் கிடைக்காததால் ‘ஸ்டீவ்’ என்று அவர் கையெழுத்திட நேர்ந்தது வேறு கதை. நாம் கவனிக்க வேண்டியது, அந்நிறுவனம் தாய்மாரின் நாளை அடிப்படையாகக் கொண்டு வேலையை ஒழுங்குபடுத்தியது என்பதையே. இன்று வேலை நேரத்துக்கேற்பத் தாயின் நாள் வெட்டித் தைக்கப்படுகிறது. தொழில்நுட்பம் ஒன்றுதான், ஒழுங்குபடுத்தும் மனம் வேறு.

சட்டத்தின் நிலை என்ன? 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, பெண்களை இரவில் வேலைக்கு அமர்த்துவதை மட்டுப்படுத்தியது. சுதந்திர வர்த்தக வலயங்கள் உருவான பின்னர், 1984 ஆம் ஆண்டின் திருத்தமொன்று தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலைக்கு வழி திறந்தது. விருப்பத்துக்கு மாறாகக் கட்டாயப்படுத்தலாகாது, மாதத்தில் 10 இரவுகளுக்கு மேல் ஆகாது, ஒன்றரை மடங்கு ஊதியம் வழங்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் அதில் இருந்தன. அலுவலகப் பெண்களுக்கான தடையைத் தளர்த்துவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வந்துள்ளது. தடையை நீக்குவதை நாம் எதிர்க்கவில்லை. பாதுகாப்பின் பெயரால் வேலைவாய்ப்பை மறுப்பது பெண்ணுக்குச் செய்யும் நன்மையாகாது. எனினும், அலுவலக வாசலை மட்டும் பார்த்து எழுதப்பட்ட சட்டத்துக்கு, இரவு 11 மணிக்குச் சமையலறை மேசையில் நடக்கும் வேலை கண்ணில் படுவதில்லை. தையல் ஆலைப் பெண்ணுக்கு 1984 இல் எழுதப்பட்ட நிபந்தனைகளுக்கு நிகரானவை, மடிக்கணினியுடன் விழித்திருக்கும் பெண்ணுக்கும் தேவை.

2018 ஆம் ஆண்டுத் திருத்தங்கள், எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் மகப்பேற்று விடுமுறை என்ற சமத்துவத்தைத் தனியார் துறைக்குக் கொண்டுவந்தன. அது வரவேற்கத்தக்கதே. ஆனால், தந்தைக்கான விடுமுறை அத்திருத்தங்களில் இடம்பெறவில்லை. விடுமுறைக்கான செலவும் முதலாளியின் தலையிலேயே விடப்பட்டது. இவ்விரண்டும் சேரும்போது, நேர்முகத் தேர்வில் இளம் பெண்ணொருவரைக் காணும் முதலாளிக்கு அவர் ஒரு செலவாகவும், அருகில் அமர்ந்திருக்கும் இளைஞன் செலவற்றவனாகவும் தோன்றுவதில் வியப்பில்லை. சுவீடனில் பெற்றோர் விடுமுறை 480 நாட்கள். அதில் 90 நாட்கள் தந்தைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவர் பயன்படுத்தாவிட்டால் அவை இழக்கப்படும். அந்நாட்டின் வளம் எம்மிடம் இல்லை. எனினும், பிள்ளை இருவருக்கும் உரியது என்ற கொள்கையை ஏற்கப் பெரும் பணம் தேவையில்லை.

பிள்ளை பராமரிப்பைப் பொறுத்தவரை எமது மலையகமே ஒரு பாடம் கற்பிக்கிறது. கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் குழந்தையை விட்டுச் செல்வதற்குத் தோட்டங்களில் ‘பிள்ளைக் காம்பரா’ பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. அவற்றின் வசதிக் குறைபாடுகளை நாம் அறிவோம். தோட்ட நிர்வாகங்கள் கருணையால் அவற்றை அமைக்கவில்லை. கொழுந்து பறிக்கும் கை தேவைப்பட்டதால் அமைத்தன. நிரல் எழுதும் கை தேவை என்று கூறும் நிறுவனங்கள், கண்ணாடிக் கட்டடங்களில் விளையாட்டு அறைகளை அமைக்கும்போது ஒரு பிள்ளை பராமரிப்பு அறையைப் பற்றியும் சிந்திக்கலாகாதா?

இதுவரை அந்த இடைவெளியை நிரப்பி வந்தவர்கள் அம்மம்மாவும் உம்மம்மாவுமே. ஒரு பெண் வேலைக்குச் செல்வதற்கு இன்னொரு பெண் ஊதியமின்றி உழைத்தாள். யுத்தமும் புலப்பெயர்வும் அந்தக் கூட்டையும் கலைத்துவிட்டன. அம்மம்மா இன்று கனடாவில் வேறொரு மகளின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எஞ்சியிருப்பவர் வீட்டிலுள்ள கணவனே. 2017 இல் நடத்தப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஆண்களைவிடப் பெண்கள் பன்மடங்கு நேரத்தைச் செலவிடுவதைக் காட்டியது. படித்த மருமகளைப் பெருமையோடு தேடி, அவளது சம்பளத்தையும் கணக்கிட்டுத் திருமணம் பேசும் எமது இரு சமூகங்களும், அவளது நேரத்தை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே, செய்யப்பட வேண்டியவை தெளிவானவை. வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கும் நேர வரையறையும் மேலதிகக் கொடுப்பனவும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்ஸில் 2017 முதல் நடைமுறையில் உள்ளதைச் சட்டவாக்குநர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். மகப்பேற்றுச் செலவைத் தனி முதலாளியிடமிருந்து பொதுவான காப்புறுதி நிதியொன்றுக்கு மாற்ற வேண்டும். தந்தைக்கும் விடுமுறை வேண்டும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நம்பகமான பகல் நேரப் பராமரிப்பு நிலையங்களை உள்ளூராட்சி சபைகள் அமைக்கலாம்.

இவையாவும் நிறைவேறக் காலம் செல்லக்கூடும். ஆனால், இன்றிரவு 7.30 மணிக்கு நியூயோர்க்கிலிருந்து அழைப்பு வரும்போது, அடுப்படிக்குச் செல்ல எழுந்திருப்பவர் யார் என்பதைத் தீர்மானிக்கப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை.