மூளைப் பவளத்திற்கும் அகத்தி நிழல் வேண்டும்

அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் உப்புநீர் நிரப்பி, அதில் உயிருள்ள பவளம் வளர்ப்போர் ஏராளம். அவர்கள் விரும்பி வாங்குவனவற்றுள் ஒன்று மூளைப் பவளம். மேல்புறம் மூளையைப் போல மடிப்பு மடிப்பாக இருப்பதால் இந்தப் பெயர். நல்ல விலை கொடுத்து வாங்கிய பவளம் சில மாதங்களில் வெளிறி, சதை சுருங்கி, ஓரங்களில் வெள்ளை எலும்பு தெரியத் தொடங்குவதும் உண்டு. உடனே தண்ணீர் மீது பழி விழுகிறது. தலைக்கு மேல் எரியும் விளக்கை யாரும் சந்தேகிப்பதில்லை.

நம் விவசாயிகளுக்கு இது தூரத்துச் சங்கதியாகத் தோன்றலாம். ஆனால் வயலும் மாடும் வைத்திருப்பவருக்கு இது எளிதில் விளங்கும். ஏனெனில் பவளம் பாதி பயிர், பாதி கால்நடை. அது ஒரு பிராணிதான். எனினும் அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. பகலில் அந்தப் பாசி வெளிச்சத்தைக் கொண்டு சத்தைத் தயாரித்து, பெரும்பங்கைப் பவளத்திற்கே கொடுத்துவிடுகிறது. இரவில் பவளம் விரல் போன்ற சிறு கைகளை நீட்டி, நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்கிறது. ஆகவே அதற்கு வெயிலும் வேண்டும், தீனியும் வேண்டும். எவ்வளவு என்பதில்தான் தவறு நேருகிறது.

மூளைப் பவளம் என்ற பெயரில் இரண்டு வகை உண்டு. பாறையைப் பற்றிக்கொண்டு உருண்டையாக வளர்வது ஒன்று. டிராக்கிபில்லியா எனப்படும் மற்றொன்று எதையும் பற்றாமல், கலங்கல் நீருள்ள இடங்களில் மணல் மீதும் சேற்று மணல் மீதும் கிடப்பது. தொட்டிக்காரர்கள் அதிகம் வாங்குவது இந்த இரண்டாவது வகையையே. அதன் அடிப்பகுதி கூம்பு வடிவானது. மணலில் செருகி நிற்பதற்கு ஏற்றது. அதைக் கொண்டுபோய்த் தொட்டியின் உச்சியில், கரடுமுரடான கல்லின் மேல் வைப்பது அழகாக இருக்கலாம். ஆனால் பகலில் நீர் ஏறி உப்பி விரியும் அதன் சதை, கல்லில் உராய்ந்து கிழிந்துபோகும். கிழிந்த இடத்தில் நோய் புகும். தொட்டியின் அடி மணல்தான் அதற்குரிய இடம். நீரோட்டமும் மெதுவாக இருக்க வேண்டும். சதை படபடவென்று அடித்துக்கொள்ளும் இடம் ஆகாது.

கொடிக்கால் வைத்தவர்களுக்கு வெளிச்சக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெற்றிலைக்கு அகத்தி நிழல் எதற்காகவோ, அதற்காகவே இந்தப் பவளத்திற்கும் மட்டான ஒளி. ஒளி அளக்கும் கருவியில், தொட்டியின் உச்சியில் வைக்கும் கிளைப் பவளங்களுக்கு 250க்கு மேல் காட்ட வேண்டும் என்பார்கள். டிராக்கிபில்லியாவுக்கு 50 முதல் 150 வரை போதும். நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் விளக்கு எரிந்தால் சரி. அளவு மீறினால் உள்ளே இருக்கும் பாசி தறிகெட்டு வேலை செய்து, நச்சுப் பொருளை உண்டாக்குகிறது. பவளம் அந்தப் பாசியையே வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகிறது. வெளுத்ததைக் கண்டு, "வெளிச்சம் போதவில்லை" என்று இன்னொரு விளக்கை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்! புதிதாக வந்த பவளத்தை நிழல் நாற்றைப் பழக்குவது போல, குறைந்த ஒளியில் வைத்து, இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாக உயர்த்துவதே முறை.

தீனி விஷயத்தில் இரு கட்சிகள் உண்டு. வெளிச்சம் இருந்தால் தீனியே வேண்டாம் என்பது ஒரு கட்சி. தினமும் ஊட்ட வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கட்சி பவளத்தின் பாதிப் பிழைப்பை மறந்துவிடுகிறது. இரண்டாவது கட்சி செய்வது அதைவிட மோசம். குட்டையில் தவிட்டையும் பிண்ணாக்கையும் அள்ளிக் கொட்டினால் நீர் என்ன ஆகும் என்பது மீன் வளர்ப்போருக்குத் தெரியும். சிறு தொட்டியில் அந்தக் கேடு இன்னும் வேகமாக வரும். வாரம் இரு முறை, விளக்கு அணைந்தபின் பவளம் கைகளை நீட்டியிருக்கும் சமயம் பார்த்து, பொடியாக நறுக்கிய இறால் துண்டுகளை வாய்க்கருகே வைத்தால் போதும். பம்பைக் கால் மணி நேரம் நிறுத்தி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் தீனியை மீன்கள் பறித்துக்கொள்ளும். பெரிய துண்டாகப் போட்டால் விழுங்கியதை மறுநாள் கக்கிவிடும்.

பாறையைப் பற்றி வளரும் வகை இரவில் நீண்ட கைகளை வீசி அண்டையில் உள்ள பவளத்தைக் கொட்டும் குணமுடையது. அதற்கும் அண்டைப் பவளத்திற்கும் ஒரு சாண் இடைவெளியாவது விட வேண்டும்.

இத்தனை கவனம் எதற்கு என்றால், செத்துப்போன மூளைப் பவளத்திற்கு மாற்று எளிதில் கிடைக்காது. கிளைப் பவளத்தை ஒடித்து, முருங்கைப் போத்து நடுவது போல நட்டுப் பெருக்கலாம். கடற்கரை மக்கள் பலர் அதை ஒரு வேளாண்மையாகவே செய்கிறார்கள். டிராக்கிபில்லியாவில் அது சுலபமல்ல. பெரும்பாலும் கடலடியிலிருந்து முழுசாக எடுக்கப்பட்டதுதான் கடைக்கு வருகிறது. இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் இவ்வாறு ஏற்றுமதி செய்யும் நாடுகள். "பண்ணையில் வளர்ந்தது" என்று விற்பவர் சொன்னால், அந்தச் சொல்லை வாங்குபவர் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டு நிலை வேறு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி உருண்டை வகை மூளைப் பவளங்கள் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பல காலம் முருகைக்கல் வெட்டியதில், அங்கே இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. 2001 முதல் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வண்ண மீன் வளர்ப்பை உபதொழிலாகச் செய்வோர், யாராவது பவளத் துண்டு கொண்டுவந்து கொடுத்தால் தொடக்கூடாது. கடல்மீன் கேட்டு வருபவருக்குப் பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் இருக்கிறது. அதற்குப் பவளம் தேவையே இல்லை; மறைந்துகொள்ள ஓர் உடைந்த மண்சட்டி போதும்.